அசிட்டோன் கலவையைப் பற்றி ஒரு திருத்தம்

துருப்பிடித்து இறுகிய சைக்கிள் போல்ட்டைக் கழற்ற, "ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து அடிங்க, உடனே கழன்றுவிடும்" என்று ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே செய்ய வேண்டாம். இரண்டும் ஒன்றாகக் கலப்பதில்லை. குப்பியில் சற்று நேரத்திலேயே தனித்தனி அடுக்காகிவிடும். குலுக்காமல் ஊற்றினால் ஒன்று மட்டுமே போய்ச் சேரும். அசிட்டோன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடியது. வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில், கேஸ் அடுப்புப் பக்கத்தில் இதைத் திறப்பது ஆபத்து. சைக்கிள் பெயிண்ட்டையும் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும்.

"உடனே" என்பதும் தவறு. எந்த எண்ணெயும் துரு வழியே ஊற நேரம் வேண்டும். கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துவிட்டு, நட்டும் போல்ட்டும் சேரும் விளிம்பில் அடியுங்கள், முடிந்தால் இருபுறமும். போல்ட் தலையைச் சுத்தியலால் பத்துத் தட்டு தட்டினால் துருப் பிடிப்பு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். அரை மணி கழித்து மறுபடி அடியுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டியென்றால் ஓர் இரவு ஊறட்டும்.

பிறகு போல்ட் தலையில் ஆறுமுனை சாக்கெட் ஸ்பேனர் போடுங்கள். பன்னிரண்டு முனையுள்ளது மூலைகளை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அசைத்து, அப்புறம் கழற்றுங்கள். நடுவில் சிக்கினால் திரும்ப உள்ளே விட்டு இன்னும் எண்ணெய் கொடுங்கள். முறுக்கிக்கொண்டே போனால் போல்ட் உடையும்.

சாதாரண டபிள்யூடி-40 ஸ்பிரே லேசான துருவுக்குப் போதும். முற்றியதற்கு ஊடுருவும் எண்ணெய் என்றே விற்பதை வாங்குங்கள். எதுவானாலும் பிரேக் டிஸ்க்கில் படவே கூடாது.