சண்டைக் காட்சிகளைத் தாண்டி மாங்காவில் நான் தேடுவது

மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளை வாசிப்பவர்களிடையே எந்த வகை உயர்ந்தது என்ற விவாதம் ஓய்வதே இல்லை. சிறுவர்களுக்கான ஷோனன் சிறுபிள்ளைத்தனமானது, வளர்ந்த ஆண்களுக்கான செய்னன் முதிர்ச்சியானது, ஷோஜோ பெண்களுக்கானது என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். எல்லா வகைகளையும் விரும்பி வாசிக்கும் எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஒரு தொடர் எந்த வாசகர்களுக்கான பத்திரிகையில் வெளியானது என்பதற்கு மேல் இந்தப் பெயர்கள் எதையும் சொல்வதில்லை. ஹிரோஷிமா அணுகுண்டு வீச்சில் ஆறு வயதில் தந்தையையும் அக்காளையும் தம்பியையும் பறிகொடுத்த கெய்ஜி நகசவா, அந்த அனுபவத்திலிருந்து 'பேர்ஃபுட் கென்' தொடரை வரையத் தொடங்கியது 1973ஆம் ஆண்டு, வாராந்திர ஷோனன் ஜம்ப் பத்திரிகையில். சிறுவர்களுக்கான பத்திரிகை அது. தோல் உரிந்து தொங்கக் கைகளை முன்னால் நீட்டியபடி நடந்துவரும் மனிதர்களை அவர் அந்தச் சிறுவர்களிடமிருந்து மறைக்கவில்லை. அதை வாசித்த எவராலும் ஷோனன் என்ற சொல்லை இளக்காரமாக உச்சரிக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

நான் கவனிப்பது, ஓவியர் காலத்தை எப்படிக் கையாள்கிறார் என்பதைத்தான். திரைப்படத்தில் ஒரு காட்சி எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை இயக்குநர் முடிவு செய்துவிடுகிறார். மாங்காவில் அந்த நேரம் வாசகர் கையில் இருக்கிறது. கட்டத்தின் அளவு, அதற்குள் விடப்படும் வெற்றிடம், பக்கத்தைப் புரட்டும் இடம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓவியர் நம் கண்ணை விரைவுபடுத்தவோ நிறுத்திவைக்கவோ வேண்டும். இதில் தேர்ந்தவர்கள் எந்த வகையைத் தொட்டாலும் அது துலங்கிவிடுகிறது.

தகேஹிகோ இனோவேயின் 'ஸ்லாம் டங்க்' (1990–1996, 31 தொகுதிகள்) இதற்கு நான் முதலில் காட்டும் உதாரணம். தனக்குப் பிடித்த பெண்ணின் கவனத்தைப் பெறுவதற்காகக் கூடைப்பந்து அணியில் சேரும் சகுராகி என்ற முரட்டு மாணவனின் கதை அது. சன்னோ அணிக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நொடிகளை இனோவே கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் வரைந்திருக்கிறார். அதுவரை பக்கங்களை நிறைத்திருந்த பார்வையாளர்களின் கூச்சலும், பந்து தரையில் மோதும் ஓசையைக் குறிக்கும் எழுத்துகளும் மறைந்துபோய், வியர்வையும் கண்களும் கைகளும் பந்தும் மட்டும் எஞ்சுகின்றன. சில நொடிகளில் முடிந்துவிடும் ஆட்டம் பக்கம் பக்கமாக விரிகிறது; ஆனால் வாசிக்க வசனம் இல்லாததால் நம் விரல்கள் அவற்றை வேகமாகப் புரட்டுகின்றன, அந்தப் பக்கங்கள் மீண்டும் நொடிகளாகவே மாறிவிடுகின்றன. தொடர் முழுவதும் முறைத்துக்கொண்டே இருந்த சகுராகியும் அவனது சக வீரன் ருகாவாவும் கையோடு கை அடித்துக்கொள்ளும் அந்த இரட்டைப் பக்கத்தில்தான் கண் நிற்கிறது. அடுத்த சுற்றில் சகுராகியின் அணி படுதோல்வி அடைந்தது என்பதை இனோவே ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். கோப்பையை வெல்லும் காட்சி கிடையாது. விளையாட்டு மாங்காவில் இதற்கு இணையான முடிவை நான் வாசித்ததில்லை.

சண்டையை மையமாகக் கொண்ட நீண்ட தொடர்களில் எனக்குள்ள மனக்குறையும் காலம் சார்ந்ததுதான். அகிரா தோரியாமாவின் 'டிராகன் பால்' தொடரில் ஒவ்வொரு அடியும் எங்கிருந்து கிளம்பி எங்கே விழுகிறது என்பது துல்லியமாகத் தெரியும். அந்தத் தெளிவை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. ஆனால் நமேக் கோள் ஐந்து நிமிடங்களில் வெடித்துவிடும் என்று வில்லன் ஃப்ரீசா அறிவித்த பிறகும் சண்டை அத்தியாயம் அத்தியாயமாக நீள்கிறது. பிற்காலத் தொடர்கள் பல, தோரியாமாவின் தெளிவை விட்டுவிட்டு இந்த நீட்டலை மட்டும் எடுத்துக்கொண்டன. இந்த வகையில் ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' எனக்கு மிகவும் பிடித்தது. 2001இல் தொடங்கி 2010இல் 27 தொகுதிகளோடு முடிந்த அந்தக் கதையில், ஆரம்பத்தில் விதைக்கப்பட்ட ஒவ்வொன்றும் முடிவதற்குள் அறுவடையாகிவிடுகிறது.

திகில் வகையில் ஜுன்ஜி இதோவுக்கு நிகர் எவருமில்லை. ஜப்பானிய மாங்கா வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது. எனவே இடப்பக்கத்தின் கீழ்க்கோடியில் உள்ள கட்டம்தான் புரட்டுவதற்கு முந்திய கடைசிக் கட்டம். ஜுன்ஜி இதோ அந்தக் கட்டத்தில் எதையோ பார்த்து உறைந்துபோன ஒரு முகத்தை வைத்துவிடுவார். என்ன பார்த்தார்கள் என்பது அடுத்த பக்கத்தில். ஆகவே நம்மைத் திகிலுக்குள் தள்ளுவது நம்முடைய விரல்தான். 'உஸுமாகி'யில் சுருள் வடிவத்தின் மீது வெறிகொண்ட தந்தை, வட்டமான மரத்தொட்டிக்குள் தானே ஒரு சுருளாக மாறி இறந்துகிடப்பார். அதன்பின் சுருளைக் கண்டாலே நடுங்கும் தாய், தன் விரல்நுனிகளின் ரேகையும் சுருள்தான் என்று உணர்ந்து அவற்றை வெட்டியெறிகிறாள். காதுக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மகன் தவிக்கும் பக்கங்களை, பேய் வரும் எந்தக் கதையைவிடவும் பயங்கரமானவையாகக் கருதுகிறேன். அழிவு ஊர் முழுவதற்கும் பரவும் பிற்பகுதியைக் காட்டிலும், ஒரு வீட்டுக்குள் நடக்கும் இந்த முற்பகுதியே எனக்கு உயர்வாகத் தெரிகிறது.

துப்பறியும் கதைகளில் 'டெத் நோட்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; எல் என்ற துப்பறிவாளர் விடைபெறும் வரை அது அபாரம், அதன்பின் அந்த விறுவிறுப்பு திரும்பவே இல்லை. நாவோகி உரசவாவின் 'மான்ஸ்டர்' 18 தொகுதிகள் நீண்டாலும் எனக்குச் சலிக்கவில்லை. மேயருக்குச் செய்ய வேண்டிய அறுவைச் சிகிச்சையை விட்டுவிட்டு முதலில் வந்த சிறுவனைக் காப்பாற்றும் டாக்டர் டென்மா, அவன் கொலைகாரனாக வளர்ந்திருப்பதைப் பல ஆண்டுகள் கழித்து அறிகிறார். அந்தத் துரத்தலைவிட, வழியில் அவர் சந்திக்கும் மனிதர்களுக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். உணர்ச்சிகள் பறிக்கப்பட்ட குழந்தைப்பருவத்தைக் கடந்துவந்து, எந்த நேரத்தில் எப்படிப் புன்னகைக்க வேண்டும் என்பதைக்கூடப் பயின்று வைத்திருக்கும் கிரிம்மர் அவர்களில் ஒருவர்.

வாள்வீரர்களின் கதைகளுக்கு வருகிறேன். மகோதோ யுகிமுராவின் 'வின்லாண்ட் சாகா' 2005இல் வாரப் பத்திரிகையில் தொடங்கி, அதே ஆண்டில் மாதப் பத்திரிகைக்கு மாறியது. அந்த மாற்றம் கதைக்குச் செய்த நன்மை அளவிட முடியாதது. பழிவாங்கலுக்காகவே வளர்ந்த தோர்ஃபின், பழிவாங்க ஆளில்லாமல் போனதும் டென்மார்க்கின் பண்ணையொன்றில் அடிமையாகிறான். காட்டை வெட்டுகிறான், வேர்களைப் பிடுங்குகிறான், கோதுமை விதைக்கிறான். கதை மந்தமாகிவிட்டது என்று பலர் இந்த இடத்தில்தான் விலகிப்போகிறார்கள். எனக்கோ தொடரின் உயிரே இங்குதான் இருக்கிறது. கொன்றவர்களை எல்லாம் கனவில் சந்தித்து விழிக்கும் ஒருவன் மாறுவதற்குப் பருவங்கள் தேவை, அந்தப் பருவங்களை வாசகரும் கூடவே இருந்து கடக்க வேண்டும். பின்னாளில் அவன் திருப்பி அடிக்காமல் நூறு குத்துகளைத் தாங்கி நின்று, தனக்குப் பகைவர் எவருமில்லை என்று சொல்லும்போது நாம் அதை நம்புகிறோம் என்றால், அந்த வயலில் நாமும் இருந்ததால்தான். இனோவேயின் 'வேகபாண்ட்' தொடரிலும் வாள்வீரன் முசாஷி பஞ்சம் பிடித்த ஒரு கிராமத்தில் மண்ணோடு மல்லுக்கட்டுகிறான். அந்த அத்தியாயங்களுக்கும் அதே பெருமை உண்டு.

காதல் கதைகளில் நான் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பது ரூமிகோ தகாஹாஷியின் 'மேசோன் இக்கோகு' (1980–1987). பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றுப்போன கொதாய், தான் தங்கியிருக்கும் பழைய குடியிருப்பின் இளம் நிர்வாகியான கியோகோவை விரும்புகிறான். அவளோ கணவனை இழந்தவள். தொடர் வெளியான ஆண்டுகள் கதைக்குள்ளும் கடக்கின்றன: கொதாய் கல்லூரியில் சேர்கிறான், வேலை தேடி அலைகிறான், தடுமாறித் தடுமாறிப் பொறுப்புள்ள மனிதனாகிறான். இறுதியில் கியோகோவின் கணவரது கல்லறை முன் நின்று, அவள் மனதிலுள்ள அவரையும் சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்வதாக அவன் சொல்கிறான். அவளோ, தன்னைவிட ஒரு நாளாவது கூடுதலாக உயிரோடு இருக்க வேண்டும் என்று அவனிடம் கேட்டுக்கொள்கிறாள். கதையின் தொடக்கத்தில் இதைச் சொல்லியிருந்தால் வெறும் வசனமாகப் போயிருக்கும்.

ஹிதோஷி அஷினானோவின் 'யோகோஹாமா கைதாஷி கிகோ' பற்றியும் சொல்ல வேண்டும். கடல்மட்டம் உயர்ந்து மனிதகுலம் மெல்ல அருகிவரும் காலத்தில், அல்ஃபா என்ற இயந்திரப் பெண் ஒரு காப்பிக்கடையை நடத்துகிறாள். பெரிதாக எதுவும் நடப்பதில்லை. பக்கத்து வீட்டுச் சிறுவன் வளர்கிறான், வேலைக்குப் போகிறான், அவள் மட்டும் அப்படியே இருக்கிறாள். 14 தொகுதிகளில் யாரும் புலம்புவதில்லை, ஆனால் இழப்பின் கனம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

காலத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, படைப்பாளிகளின் காலத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வாரத்துக்கு இருபது பக்கங்களுக்கு நெருக்கமாக வரைய வேண்டியிருக்கும் தொடர்களின் உழைப்பு மனித உடலை உருக்கிவிடுவது. 'நானா' 2009 முதல் நின்றிருக்கிறது, அய் யசாவாவின் உடல்நலமே காரணம். 'வேகபாண்ட்' 2015 முதல் நின்றிருக்கிறது. 'ஹண்டர் ஹண்டர்' இடைவெளி விடும்போதெல்லாம், முதுகுவலியோடு போராடும் யோஷிஹிரோ தொகாஷியைச் சோம்பேறி என்று ஏசுபவர்களைக் காண்கையில் எனக்குக் கோபமே வருகிறது. நமக்கு இவ்வளவு கொடுத்தவர்களிடம் உடம்பையும் கேட்பதற்கு நமக்கு உரிமையில்லை.

'பெர்செர்க்' படைத்த கென்தாரோ மியூரா 2021ஆம் ஆண்டு மே மாதம் தமது 54ஆவது வயதில் காலமானார். கதையின் முடிவு வரை அவரிடமே கேட்டறிந்திருந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், மியூராவின் உதவியாளர்கள் 2022இல் தொடரை மீண்டும் தொடங்கினார்கள். மியூரா தம்மிடம் சொன்னவற்றை மட்டுமே தருவதாகவும், தெளிவாக நினைவில் இல்லாத நிகழ்வுகளை எழுதப்போவதில்லை என்றும் மோரி அறிவித்திருந்தார். புதிய அத்தியாயங்களில் பழைய செறிவு இல்லை என்று குறைசொல்பவர்கள் உண்டு. செறிவு குறைந்திருப்பது உண்மைதான். ஆயினும் நண்பர் சொல்லாத ஒரு சொல்லையும் அவர் வாயில் திணிக்க மாட்டேன் என்று நிற்கும் ஒருவரின் கையில் அந்தக் கதை இருப்பதே சரி என்பது என் எண்ணம். அதன் நாயகன் கட்ஸின் பயணம் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் நான் தொடர்ந்து வாசிப்பேன்.