கட்டிலில் கிடந்தபடி ஒரு புலன்விசாரணை

துப்பறியும் நாவல் என்றால் துரத்தலும் துப்பாக்கியும் இருந்தே தீர வேண்டும் என்று சொல்பவர்களிடம் நான் ஜோசஃபின் டே எழுதிய 'தி டாட்டர் ஆஃப் டைம்' நாவலைப் படிக்கச் சொல்வேன். 1951இல் வந்தது. இங்கிலாந்தின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் 1990இல் வெளியிட்ட நூறு சிறந்த நாவல்களின் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். அந்த இடம் இதற்குத் தகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாவல் சொல்லும் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் ஆலன் கிராண்ட் கால் முறிந்து மருத்துவமனையில் மல்லாந்து கிடக்கிறார். பொழுது போகவில்லை. நடிகையான தோழி ஒருத்தி பழைய ஓவியங்களின் அச்சுப்படங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவற்றில் ஒரு முகம் அவரை நிறுத்துகிறது. யாரென்று தெரியாமலேயே, இவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் அல்ல, நீதிபதியின் இருக்கையில் அமர வேண்டியவர் என்று எடைபோடுகிறார். படத்தைத் திருப்பினால் பெயர் இருக்கிறது: மூன்றாம் ரிச்சர்ட்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ரிச்சர்ட் என்றால் ஷேக்ஸ்பியரின் கூனன், குழந்தைகளைக் கொன்றவன். 1483இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்ட் இறந்தார். அவருடைய பன்னிரண்டு வயது மகன் ஐந்தாம் எட்வர்டும் அவன் தம்பியும் லண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்டார்கள். சித்தப்பா ரிச்சர்ட் முடிசூட்டிக்கொண்டார். அதன்பின் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்கு உறுதியான பதில் இன்றுவரை இல்லை. கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுகள் கிடப்பில் கிடந்த இந்த வழக்கைத்தான் கிராண்ட் கையில் எடுக்கிறார். ஓர் அமெரிக்க இளைஞன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆவணங்களைத் தேடிப் பார்த்து வந்து சொல்கிறான். இவர் படுத்தபடியே கேள்வி கேட்கிறார்.

அந்தக் கேள்விகளில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. ரிச்சர்டின் கொடுமைகளுக்கு எல்லோரும் சாட்சியாகக் காட்டுவது தாமஸ் மோர் எழுதிய வரலாற்றை. கிராண்ட் ஒரு போலீஸ்காரராக முதலில் கேட்பது, சம்பவம் நடந்தபோது இந்தச் சாட்சி எங்கே இருந்தார் என்பதைத்தான். மோர் பிறந்தது 1478இல். ரிச்சர்ட் அரியணை ஏறியபோது அவருக்கு வயது ஐந்து. 1485இல் பாஸ்வர்த் போர்க்களத்தில் ரிச்சர்ட் மாண்டபோது ஏழு. பின்னாளில் அவர் சிறுவனாக வளர்ந்தது ரிச்சர்டின் பரம எதிரியான ஜான் மார்ட்டனின் வீட்டில். இது நேரில் கண்ட சாட்சி அல்ல, எதிராளி வீட்டில் காதில் விழுந்த பேச்சு. எந்த நீதிமன்றம் இதை ஏற்கும்?

அடுத்தது, யாருக்கு லாபம் என்ற கேள்வி. எட்வர்டின் பிள்ளைகள் முறையான திருமணத்தில் பிறந்தவர்கள் அல்ல என்று 1484இல் நாடாளுமன்றமே சட்டம் செய்துவிட்டது. ஆக, அவர்கள் உயிரோடு இருந்தாலும் ரிச்சர்டின் பட்டத்துக்குச் சட்டப்படி ஆபத்தில்லை என்று நாவல் வாதிடுகிறது. அந்தப் போரில் ரிச்சர்டை வென்று அரசரான டியூடர் வம்சத்து ஏழாம் ஹென்றிக்கோ அந்தப் பிள்ளைகளின் அக்காள் எலிசபெத்தை மணந்தாக வேண்டும். அதற்கு அந்தச் சட்டம் போக வேண்டும். அதைப் படிக்கக்கூட விடாமல் ரத்து செய்து, பிரதிகளை அழிக்கச் சொன்னார். ஆனால் அக்காள் முறையான வாரிசு என்றால் தம்பிகளும் முறையான வாரிசுகள்தானே? தம்பி உயிரோடு இருந்தால் அவன்தான் அரசன். இந்த முடிச்சை டே அவிழ்த்துக் காட்டும் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அதனால்தான் அவர் தடுமாறும் இடங்கள் எனக்கு வலிக்கின்றன. விசாரணைக்கே தூண்டுகோலான அந்த ஓவியம் லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. அது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டப்பட்டது. ரிச்சர்ட் இறந்து நெடுங்காலம் கழித்து, அவரைப் பார்த்தே இராத ஒருவர் வரைந்தது. மோரின் எழுத்தைச் செவிவழிச் செய்தி என்று ஒதுக்குபவர், அதே தூரத்தில் நிற்கும் ஓவியத்தை மட்டும் எப்படி நம்பலாம்? ஒருவர் மூஞ்சியை வைத்து அவர் குணத்தைத் தீர்மானிக்கும் போலீஸ்காரரை நிஜ வாழ்க்கையில் நாம் ஒருபோதும் மன்னிக்க மாட்டோம்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. 1483 கோடையில் லண்டனில் இருந்த இத்தாலியர் டொமினிக் மான்சினி, அதே ஆண்டு டிசம்பரில் தன் குறிப்பை எழுதி முடித்தார். சிறுவன் எட்வர்ட் கொல்லப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே மக்களிடம் இருந்ததையும், அவன் பேச்சை எடுத்தாலே பலர் கண்ணீர் விட்டதையும் பதிவு செய்கிறார். ஹென்றியின் ஆட்சி தொடங்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. மான்சினிக்கு மார்ட்டனோடு பங்காளிச் சண்டையும் இல்லை, டியூடர் சம்பளமும் இல்லை. இந்தக் குறிப்பு 1936இலேயே அச்சாகிவிட்டது. இதனால் ரிச்சர்ட்தான் கொன்றார் என்று நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் ஹென்றிதான் கொன்றார் என்று கிராண்ட் அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கும் இடமில்லை.

2012இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. நாடகத்தின் கூனும் பொய், முதுகில் குறையே இல்லை என்று வாதிட்டவர்களும் தவறு. இதேபோல, 1674இல் கோபுரப் படிக்கட்டுக்கு அடியில் கிடைத்த சிறுவர்களின் எலும்புகளும் சோதிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இருக்கும் அவற்றை 1933இல் ஒருமுறை ஆராய்ந்தார்கள். அப்போது டிஎன்ஏ சோதனை என்ற ஒன்றே கிடையாது. கொன்றவர் யாரென்று எலும்பு சொல்லாது, உண்மைதான். அவை அந்தப் பிள்ளைகளுடையவைதானா என்பதையாவது சொல்லும்.

படிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: கதையில் எட்வர்டுகளும் ரிச்சர்டுகளும் எலிசபெத்துகளும் ஏராளம். ஒரு தாளில் வம்சாவளியை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடித்த கையோடு மான்சினியையும் படித்துவிட்டு வாருங்கள், விவாதிப்போம்.