வேர்த்தால் காய்ச்சல் போய்விடுமாம்!

"வாங்கண்ணே, ரெண்டு கேம் ஆடுங்க. நல்லா வேர்த்துச்சுன்னா காய்ச்சல் தானா ஓடிடும்."

இதை யார் சொல்லக் கேட்டாலும் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பினாங்கில் உடற்பயிற்சி செய்கிறவர்கள் எல்லாருமே டாக்டர்தான் போலிருக்கிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை விடியற்காலையில் ஏறி இறங்குகிற பெரியவரும் இதையே சொல்கிறார், ஜிம்மில் எடை தூக்குகிற பையனும் இதையே சொல்கிறான். எங்கள் பூப்பந்துக் கூட்டமும் சொன்னது. நானும் நம்பிப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ். மறுநாள் இரட்டையர் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று மூன்று முறை போன். பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டும்போதே விரல்கள் நடுங்கின. கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 118. இன்னும் ராக்கெட்டைக்கூட உறையிலிருந்து எடுக்கவில்லை! உடல் சூடு ஒரு டிகிரி ஏறினாலே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 10 முறை கூடுதலாகத் துடிக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இதயத்தின் மேல் நான் இரண்டு கேமையும் ஏற்றி வைத்தேன். உடம்பு வலிக்கிறது என்றதும் ஒருவர் பையிலிருந்து இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையை எடுத்து நீட்டினார். அதையும் விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. "பாத்தீங்களா, நாங்கதான் சொன்னோமே!" என்று அத்தனை பேருக்கும் பெருமை. அன்று மாலை பல் துலக்கும்போது பிரஷ் முழுக்க ரத்தம். வயிறு வேறு பிசைந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் டிங்கி, அதாவது டெங்கு. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 42,000.

இந்த நாட்டில் டிங்கி என்ன புதுசா? வருஷம் முழுக்க இருக்கிற நோய். காய்ச்சல் இறங்குகிற சமயம்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், அது தன் கோர முகத்தைக் காட்டும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும், ரத்த அழுத்தம் சரியும். அந்த நேரத்தில் போய் ஓடி ஆடி, உடம்பில் மிச்சமிருக்கிற நீரையும் வேர்வையாகக் கொட்டச் சொல்கிறார்கள். வலிக்கு பனடோல் என்கிற பாராசிட்டமால்தான் போட வேண்டும். இபுபுரூஃபன் ரத்தக் கசிவைக் கூட்டும், தொடவே கூடாது. இதெல்லாம் எனக்கு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போதுதான் தெரிந்தது.

ஒன்றை மட்டும் இவர்கள் மண்டையில் ஏற்ற முடிந்தால் போதும். வேர்ப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை. காய்ச்சல் இறங்கும்போதுதான் வேர்க்கிறது. கிருமியோடு சண்டை போட மூளையே ஏற்றி வைத்த சூடு அது. வேலை முடிந்ததும் சூட்டைக் குறைக்க மூளையே வேர்வையைத் திறந்து விடும். நாம் குதித்துக் குதித்து வரவழைக்கிற வேர்வையில் ஒரு கிருமிகூட வெளியே போகாது. அதிலும் பினாங்குப் புழுக்கத்தில் வேர்வை காயவே காயாது. சட்டைதான் நனைந்து ஒட்டும், உடம்பு குளிராது.

சரி, வெறும் மூக்கொழுகல், தும்மல், அவ்வளவுதான் என்றால் மெதுவாக நடங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி, மூச்சுத் திணறல் என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் படுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சாதாரண ஃபுளூவை உண்டாக்கும் வைரஸ்கூட சில பேருக்கு இதயத் தசையைத் தாக்கிவிடும். அப்போது கடுமையாக ஓடினால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அப்படி வீங்கின இதயத்தோடு இருக்கிற விளையாட்டு வீரர்களையே வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் வரை களத்துக்குள் விடுவதில்லை. வாரம் இரண்டு நாள் மட்டும் ஆடுகிற நமக்கு நான்கு நாள் ஓய்வெடுக்க என்ன கேடு?

ஓய்வெடுத்தால் சோம்பேறி என்கிறார்கள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் நடிப்பு என்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தேதான் பாதிப் பேர் காய்ச்சலோடு மைதானத்துக்குப் போகிறார்கள்.

இன்று காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான்: "ரெண்டு நாளா காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால வலிக்குது, இன்னைக்கு வரல." அதற்குக் கீழே, என்னை ஆடக் கூப்பிட்ட அதே ஆள், அதே பதில்: "வா தம்பி, வேர்த்தா சரியாயிடும்." எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குழுவில் எதுவும் எழுதவில்லை. தம்பிக்கு நேராகப் போன் போட்டேன். இப்போது அவன் கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ராக்கெட் பை என் காரில் இருக்கிறது.