டாட்டம் ஓ'நீல் வாங்கியது எந்த ஆஸ்கர்?

'பேப்பர் மூன்' படத்துக்காகப் பத்து வயதுச் சிறுமி சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கினார் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. வயது சரி, விருதுதான் தவறு.

1974 ஏப்ரலில் டாட்டம் ஓ'நீலுக்குக் கிடைத்தது சிறந்த துணை நடிகை விருது. அந்த ஆண்டின் சிறந்த நடிகை கிளெண்டா ஜாக்சன். குழப்பத்துக்குக் காரணமும் இருக்கிறது. கணவனை இழந்த பெண்களிடம், 'உங்கள் கணவர் ஆர்டர் கொடுத்த பைபிள்' என்று சொல்லிப் பணம் கறக்கும் மோசடிக்காரன், அவனையே மிஞ்சும் சிறுமி, இந்த இருவரைச் சுற்றித்தான் மொத்தப் படமும். அவளைத் துணைப் பாத்திரம் என்று சொன்னதே, என்னைக் கேட்டால், வேடிக்கைதான். உண்மையான துணைப் பாத்திரத்தில் நடித்த மேடலின் கானும் அதே பிரிவில் போட்டியிட்டுத் தோற்றார்!

'ஆறு வயதிலேயே ஷெர்லி டெம்பிள் வாங்கவில்லையா?' என்று சிலர் மறுக்கிறார்கள். அது 1935-இல் தந்த சிறப்பு விருது, போட்டி கிடையாது. போட்டிப் பிரிவில் வென்றவர்களில் மிக இளையவர் டாட்டம்தான்.

அப்புறம், கறுப்பு வெள்ளையில் இருப்பதால் இதை 1930-களில் எடுத்த படம் என்பவர்களும் உண்டு. கதைதான் அந்தக் காலத்தது. பீட்டர் போக்டனோவிச் இயக்கி, படம் வெளியானது 1973-இல்.