‘தனியே விடப்படும் உரிமை’ யாருடைய சொல்?

தம்பி, ‘தனியே விடப்படும் உரிமை’ என்ற சொற்றொடரை முதலில் உருவாக்கியவர்கள் அமெரிக்க வழக்கறிஞர்கள் வாரனும் பிரண்டைஸும்தான், 1890இல் ஹார்வர்ட் சட்ட இதழில் வந்த ‘அந்தரங்க உரிமை’ கட்டுரையில், என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையும் ஆண்டும் சரி. சொற்றொடர் மட்டும் அவர்களுடையது அல்ல. அது மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த தோமஸ் கூலியின் சொல். தீங்கியல் சட்டம் (ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோரும் சட்டம்) பற்றிய தன் நூலில் அவர் எழுதியதை இவர்கள் எடுத்தாண்டார்கள்.

இதைப் பார்க்க நூலகம் வரை போகத் தேவையில்லை. பழைய கட்டுரை என்பதால் முழுவதும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இதழின் 4ஆம் தொகுதியில் 193ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. இரண்டு பக்கம் தள்ளி 195ஐப் பாருங்கள். அந்தச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு, ‘நீதிபதி கூலி சொல்லும்’ உரிமை என்றே எழுதியிருக்கிறார்கள். கீழே அடிக்குறிப்பில் கூலியின் நூல், இரண்டாம் பதிப்பு, பக்கம் 29 என்றும் இருக்கிறது.

இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். பிரண்டைஸ் பிறகு அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, 1928இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய ஓம்ஸ்டெட் வழக்கில் எழுதிய மாறுபட்ட தீர்ப்பிலும் இதே சொற்களைப் பயன்படுத்தினார். அதனால் அவை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன.

யாழ்ப்பாணத்தில் கம்பஸில் சட்டம் படிக்கிற பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள். ஒப்படையில் அப்படியே எழுதிவிடுவார்கள் என்ற கவலையில்தான் சொல்கிறேன். முடிந்தால் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.