அக்காவின் டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த ஒரு வரி

அக்காவுக்கு 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி, ஓயாத உதிரப்போக்கு, ரத்தசோகை. வேறு வழியில்லை என்றார்கள், சரி. ஆனால் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள் என்பது, வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "இனி தொந்தரவே இல்லம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மார்கழிப் பனியில், ராத்திரி இரண்டு மணிக்கு, நனைந்த நைட்டியை மாற்றிக்கொண்டு மொட்டைமாடிப் படியில் போய் உட்காருவாள். தலையணை மேல் எப்போதும் ஒரு துண்டு. மூட்டெல்லாம் வலி. எதற்கெடுத்தாலும் அழுகை. "வயசானா அப்படித்தான்" என்றார் அத்தை. 41 ஒரு வயசா?

மாதவிடாய் தானாக நிற்கும்போது, சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சில வருடங்களில் மெல்லக் குறையும். சினைப்பையை எடுத்தால் ஓரிரு நாளில் விழுந்துவிடும். வேர்வை மட்டுமில்லை, எலும்பு தேயும், இதயநோய் வாய்ப்பும் கூடும். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் எடுத்தவர்களுக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால், ஏறக்குறைய 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்கச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள்.

நாங்கள் கேட்டபோது, "ஹார்மோனா? கேன்சர் வரும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் ஒரு டாக்டர். எனக்கு ஆறவே இல்லை. 2002-இல் அமெரிக்காவில் வந்த ஆய்விலிருந்து கிளம்பிய பயம் அது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வருடத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்று வந்தது. கர்ப்பப்பையை எடுத்த 10,739 பேரை வைத்து அதே ஆய்வின் இன்னொரு பகுதி நடந்தது. அதில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்று கூடவில்லை. பக்கவாதம் சற்றுக் கூடியது, 2004-இல் நிறுத்தினார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். 41 வயதுக்காரிக்கு அந்தக் கணக்கைக் காட்டி எப்படி மறுக்கலாம்?

மார்பகப் புற்று வந்தவர்கள், ரத்தம் உறைந்த சிக்கல் உள்ளவர்களுக்கு இது ஆகாது. அதைக் கேட்டு, பரிசோதித்துவிட்டு வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். கேட்காமலேயே மறுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு டாக்டர் எல்லாம் விசாரித்து ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதிக் கொடுத்தார். தினமும் கையில் தடவிக்கொண்டு, காயும்வரை சின்னவனைக் கிட்டே விட மாட்டாள். இப்போது விடியும்வரை தூங்குகிறாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது 45-க்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்திருந்தால், அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள். சினைப்பையும் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.