எதிர்பார்க்காமல் போனதால் பிடித்ததாம்

இரண்டு நாளாக ஒரு சினிமா வீடியோ சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'லப்பர் பந்து', 'டூரிஸ்ட் ஃபேமிலி' மாதிரி சின்னப் படங்கள் எல்லாம் எதிர்பார்ப்பே இல்லாமல் போனதால்தான் நமக்குப் பிடித்ததாம். பெரிய ஹீரோ நடித்திருந்தால் சுமார் என்று சொல்லியிருப்போமாம்.

நன்றாக இருந்தது, பிடித்தது. இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

'லப்பர் பந்து' தமிழரசன் பச்சமுத்து இயக்கிய முதல் படம், ஊர்க் கிரிக்கெட் கதை. அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலித்ததும் தியேட்டரே எழுந்தது. மாமனாராகப் போகிறவருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் நடுவில் கிடக்கும் அந்த வீம்பு, ஊர் டீமில் யாரைச் சேர்ப்பார்கள், யாரை வெளியே நிறுத்துவார்கள் என்கிற கணக்கு, இதெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியது. நான் குறைவாக எதிர்பார்த்ததால் திரைக்கதை தானாக நன்றாகிவிடுமா?

'அயோத்தி' 2023-இல் வந்த புதிதில் அதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. நான் பார்த்தபோது பாதி சீட் காலி. அந்தப் படத்தைப் பற்றி இப்படிச் சொன்னால் எனக்கு வலிக்கும். எங்கள் பெரியப்பா வெளியூரில் திடீரென்று இறந்தபோது உடலை ஊருக்குக் கொண்டுவர நானும் தம்பியும் பட்ட பாடு கொஞ்சமில்லை. போஸ்ட்மார்ட்டம் முடிய வேண்டும், ஸ்டேஷனில் எழுதி வாங்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். முன்பின் தெரியாத ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர்தான் எந்தத் தாளை எங்கே நீட்ட வேண்டும் என்று கூடவே வந்தார். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. பாஷை தெரியாத ஊரில் தாயைப் பறிகொடுத்து நிற்கும் குடும்பத்துக்காக, தீபாவளி நாளில் சசிகுமார் அலையும்போது நான் அந்த டிரைவரைத்தான் பார்த்தேன். அந்த அழுகைக்கும் எதிர்பார்ப்புக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்.

"ஹைப் ஏற்றினால் நல்ல படமும் ஏமாற்றும், அது உண்மைதானே?" என்பீர்கள். உண்மைதான். அது ஹைப் ஏற்றியவர்கள் பிரச்சினை. 2019 தீபாவளிக்கு விஜய்யின் 'பிகில்' வந்த அதே நாளில், பாட்டும் இல்லாமல் ஹீரோயினும் இல்லாமல் 'கைதி' வந்தது. எதிர்பார்க்காமல் போனதால் பிடித்திருந்தால் முதல் தடவையோடு சலித்திருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகும் டிவியில் போட்டால் இன்னும் உட்கார்ந்து பார்க்கிறோமே, அது எதனால்?

நான் சின்னப் படங்களைத் தூக்கிப் பிடிப்பதாகச் சொல்பவர்களுக்கு: ஆமாம், பிடிக்கிறேன். மோசமான சின்னப் படமும் நிறைய வருகிறது, அவற்றைப் பற்றி நான் எழுதுவதே இல்லை.

முதலில் அந்த எதிர்பார்ப்பைக் குறைவாக வைத்தது யார்? நாம்தான். போஸ்டரில் பெரிய ஹீரோ இல்லையென்றால் ஓடிடியில் வரட்டும் என்கிறோம். 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு சேர்ந்துதான் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. குடும்பத்தோடு அதற்குப் போகலாம் என்றதும், "இதற்கா இவ்வளவு காசு?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு குடும்பம், தாங்கள் யார் என்று வெளியே சொல்ல முடியாமல் சென்னைக் காலனியில் பயந்து பயந்து குடியிருக்கிற கதை. அபிஷன் ஜீவிந்துக்கு அதுதான் முதல் படம். அப்படி ஒருவர் உயிரைக் கொடுத்து எடுத்ததைப் பார்த்து, ரசித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எதிர்பார்க்கவில்லை, அதனால் பிடித்தது" என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது?

இனி என்னிடம் ஒரு படத்தைப் பரிந்துரைத்தால் "சின்னப் படம்தான், ஆனாலும்" என்று ஆரம்பிக்காதீர்கள். படம் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.